மஞ்சள் படர்ந்த கீரையும் நம் தீர்ப்பும்

குருமடத்தில் விவிலியம் பயின்ற நாள்களில் லேவியர் நூலின் 13, 14-ஆம் அதிகாரங்களை நாம் விரைந்து கடந்துவிடுவதுண்டு. தோலில் எழும் தடிப்பு, ஆடையில் படரும் பூசணம், வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ காணும் கறை ஆகியவற்றைக் குரு வந்து பார்த்து, இது தீட்டு, இது தீட்டன்று எனத் தீர்ப்புரைக்க வேண்டும் என்று அங்கே விரிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. தேர்வில் கேட்கப்படாத பகுதி என்பதே அன்று அதனைப் பற்றிய நம் கணிப்பு. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, தளவாய்புரத்தில் ஒரு கீரைப் பாத்தியின் வரப்பில் நின்றபோது, நாமும் அத்தகைய ஒரு குருவாக நிறுத்தப்பட்டோம். பழைய ஏற்பாட்டுக் குருவுக்கு விதிக்கப்பட்டிருந்த ஒரு நிபந்தனையை மட்டும் நாம் மறந்துபோனோம். அந்த மறதிக்கான விலையை வேறொருவர் செலுத்த நேர்ந்தது. அதனை எழுதுவது நமக்கு எளிதன்று, எழுதாதிருப்பதும் சரியன்று.

இராசபாளையம் வட்டாரத்தை அறிந்தோர் தளவாய்புரத்தை நைட்டி தைக்கும் ஊராகவே அறிவர். காலையிலிருந்து இரவு வரை தையல் எந்திரங்களின் ஒலி தெருவெங்கும் கேட்டுக்கொண்டிருக்கும். ஆயினும் ஊரைச் சுற்றிக் கிணற்றுப் பாசனத் தோட்டங்களும் உண்டு. கல்லறைத் தோட்டத்தின் கிழக்குச் சுவரை ஒட்டி நம் பங்கைச் சேர்ந்த ஒரு கைம்பெண்ணுக்குப் பத்து சென்ட் நிலம் இருக்கிறது. அதில் அவர் பெரும்பாலும் புளிச்சக்கீரையே பயிரிடுவார். இராசபாளையத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் மிகுதி. கோங்கூரா என்று அவர்கள் விரும்பி வாங்கும் கீரை அது. வாரத்தில் மூன்று நாள் முதற்பேருந்தில் கட்டுகளைச் சுமந்து சென்று விற்று வருவார். அந்த வருவாயில்தான் அவருடைய அடுப்பு எரிந்தது.

ஓர் ஆடி மாதத்தில் அக்கீரை மஞ்சளித்தது. காய்ந்த மஞ்சள் அன்று; இலையின் நரம்புகள் மட்டும் பொன்னிறமாகி, இடையிலுள்ள பகுதி பச்சையாகவே நிற்க, தட்டான் பிடிக்கும் வலையை இலைமேல் விரித்தது போன்ற தோற்றம். நாள் செல்லச் செல்ல இலை சிறுத்தது; சந்தையில் எவரும் வாங்கவில்லை. ஊரார் பலவிதமாகப் பேசினர். கண்ணேறு என்றார் ஒருவர். செய்வினை என்றார் இன்னொருவர். அந்த அம்மாவுக்கோ ஐயம் முழுவதும் கிழக்கே அடுத்த வயலுக்குரிய தம் கொழுந்தன் வீட்டார்மேல் இருந்தது. ஈராண்டுகளுக்கு முன் அவர்களுக்குள் வரப்புத் தகராறு நடந்திருந்தது.

பங்குத்தந்தை வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. நாம் சென்றோம். மூடநம்பிக்கையை முதலில் கண்டித்தோம். செய்வினை என்று எவரும் பேசக்கூடாது என்றோம். அதுவரை நாம் செய்தது சரியே. அடுத்து, கொழுந்தனின் மகன் பத்து நாள் முன்பு மக்காச்சோளத்துக்குக் களைக்கொல்லி அடித்தான் என்பதைக் கேட்டறிந்து, அதுவே காற்றில் வந்து கீரையைக் கெடுத்திருக்கிறது என்று முடிவுசெய்தோம். கல்வியறிவோடு ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்ட நிறைவு நமக்கு இருந்தது. அந்த இளைஞனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. தையல் வேலைக்குச் சென்றுகொண்டே தந்தையின் நிலத்தையும் பார்த்துவந்தவன். அவன் ஒரே ஒரு முறை வாய் திறந்தான்.

"சாமி, அன்னிக்கு மேகாத்து அடிச்சுது. பெரியம்மா பாத்தி எனக்கு மேக்க இருக்கு. காத்த எதுத்து மருந்து எப்படி சாமி போகும்?"

பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடாதே என்று நாம் அவனை அமர்த்தினோம். 3,000 ரூபாய் இழப்பீடு கொடுத்துச் சமாதானமாகப் போகும்படி சொன்னோம். வரப்பில் நாம் நின்ற நேரம் கால் மணிக்கு மேல் இராது. பணம் நம் கண் முன்னே கைமாறியது. பகை தீர்ந்தது என்று எண்ணி அன்றிரவு நிம்மதியாக உறங்கினோம்.

பகை தீரவில்லை. அடுத்த ஞாயிறு முதல் அந்த இளைஞனைத் திருப்பலியில் காணவில்லை. இரண்டு மாதங்களில் அவன் திருப்பூருக்கு வேலைக்குச் சென்றுவிட்டான். நிலம் தரிசாகக் கிடந்தது. அவனுடைய தாய் அன்பியக் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். ஓரகத்திகள் இருவரும் ஒரே தெருவில் முகம் திருப்பி நடந்தனர்.

மறு ஆண்டும் ஆடி வந்தது. புதிய விதை, புதிய எரு. பக்கத்து வயலில் உழவுமில்லை, மருந்துமில்லை. மருந்தடித்தவன் என்று நாம் தீர்த்த பையனோ திருப்பூரில் இருந்தான். இருந்தும் அதே பொன்வலை கீரையின்மேல் மீண்டும் விரிந்தது.

அவ்வேளையில் விடுமுறைக்கு வந்திருந்தார் நம் பங்கைச் சேர்ந்த ஒரு மாணவி. மதுரையில் தாவர உயிரித் தொழில்நுட்பம் பயில்பவர். கீரையைப் பார்க்கும்படி அவரை அழைத்துச் சென்றோம். அவர் முதலில் இலையைத் திருப்பி அடிப்புறத்தைக் காட்டினார். ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள வெள்ளை ஈக்கள் கலைந்து பறந்தன. பிறகு பாத்தியை முழுவதும் சுற்றி நடந்தார். மருந்து காற்றில் வந்திருந்தால் வயலோரத்துச் செடிகள் மிகுதியாகவும், உள்ளே செல்லச் செல்லக் குறைவாகவும் பாதிக்கப்பட்டிருக்கும். பின்னர் விடும் தளிர் பெரும்பாலும் தெளிந்து வரும் என்றார். இங்கோ நோய் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தது. புதிய தளிர்தான் பழைய இலையைக் காட்டிலும் மோசமாக இருந்தது. இரும்புச்சத்துக் குறைவா என்று நாம் கேட்டோம். அதில் நரம்பு பச்சையாக நிற்கும், இடைப்பகுதி மஞ்சளாகும். இது நேர் எதிர் என்றார். "இது நச்சுயிரி மாதிரி தெரியுது ஃபாதர். ஆனா எந்த நச்சுயிரின்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது" என்று முடித்தார்.

கண்ணால் சொல்ல முடியாதென்றால் எதனால் சொல்ல முடியும் என்று அன்று மாலை பங்கு இல்லத் திண்ணையில் அவரிடம் பாடம் கேட்டோம். அதன் பிறகு நாமும் தேடிப் படித்தோம். அவற்றின் சுருக்கத்தை வாசகர்க்குச் சொல்ல விரும்புகிறோம்.

'வைரஸ்' என்பது இலத்தீனில் நஞ்சைக் குறிக்கும் சொல். 1892-இல் இரசிய அறிஞர் இவனோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலைச் சாற்றை நுண்ணுயிரிகளும் புக முடியாத வடிகட்டியில் வடித்தார். வடித்த சாறும் நோயைத் தந்தது. 1898-இல் டச்சு அறிஞர் பெய்ஜரிங்க், இது நுண்ணுயிரியன்று, வேறொரு வகைத் தொற்றுப்பொருள் என்றார். மின்னணு நுண்ணோக்கியில் அதன் உருவம் காணக் கிடைத்தது 1939-இல்தான். புளிச்சக்கீரை, வெண்டை போன்றவற்றின் நரம்பை மஞ்சளாக்கும் நச்சுயிரிகள் ஜெமினி என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரட்டையர் என்று பொருள். ஒட்டிப் பிறந்த இரட்டைக் குழந்தைகளைப் போன்ற வடிவம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றில் ஏறத்தாழ முப்பது கூறு நீளமே அதற்கு உண்டு. அதனுள் வளையமாகக் கிடக்கும் டி.என்.ஏ. இழையில் சுமார் 2,700 எழுத்துகள். மனிதனின் மரபுநூலில் சுமார் 300 கோடி எழுத்துகள் இருப்பதை எண்ணிப் பார்த்தால், இது ஒரு பக்கத் துண்டுச்சீட்டுக்கும் நிகராகாது. அந்தச் சீட்டுதான் ஓர் ஏழைப் பெண்ணின் அடுப்பை அணைத்தது.

அச்சீட்டைப் படிப்பதே மரபணுவழி அடையாளம் காணுதல். இலையை அரைத்து அதன் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பர். நச்சுயிரியின் பகுதி அதில் மிகச் சிறிதே இருக்கும். எனவே அதனைப் படியெடுத்துப் பெருக்குவர். 1983-இல் அமெரிக்கர் கேரி முல்லிஸ் கண்டறிந்து, 1993-இல் நோபல் பரிசு பெற்ற பி.சி.ஆர். முறையில் ஒவ்வொரு சுற்றிலும் படிகள் இரு மடங்காகும். குறையின்றி நடந்தால் முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடிக்கு மேலாகிவிடும். பின்னர் எழுத்துகளை வரிசையாகப் படித்து, உலகெங்கும் சேர்த்து வைக்கப்பட்டுள்ள நச்சுயிரி வரிசைகளோடு ஒப்பிடுவர். வெள்ளை ஈயால் பரவும் இவ்வினத்தில் ஒற்றுமை 91 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அது வேறோர் இனம் என்பது 2015-இல் அறிஞர்கள் வகுத்த வரையறை. ஊகத்துக்கு அங்கே இடம் குறைவு.

இத்தகைய ஆய்வு எங்கோ அயல்நாட்டில் மட்டும் நடப்பதன்று. வெண்டையின் மஞ்சள் நரம்பு நோய் 1924-இல் பம்பாய்ப் பகுதியில் முதன்முதலாகப் பதிவானது. அதனை உண்டாக்குவது இன்னதென்று தெளிவானது 2003-இல், நமக்கு அருகிலேயே, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில். பேராசிரியர் ஆர். உஷாவும் ஜாய்ஸ் ஜோசும் கண்டது நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. நோயுற்ற வெண்டையில் நச்சுயிரி இருந்தது உண்மை. ஆனால் அதனை மட்டும் நலமான செடியில் செலுத்தியபோது இலை சற்றே சுருண்டதேயன்றி, அந்தப் பொன்வலை தோன்றவில்லை. அதனோடு ஒட்டி வாழும் பீட்டாசாட்டிலைட் என்னும் துணை இழை ஒன்று, நச்சுயிரியின் பாதியளவே எழுத்துகள் உடையது, அதனையும் சேர்த்துச் செலுத்தியபோதே நோய் முழுமையாக வெளிப்பட்டது. குற்றவாளி கையில் கிடைத்துவிட்டான் என்று அவர்கள் முன்னரே நிறுத்தியிருந்தால் பாதி உண்மையோடு நின்றிருப்பர். முழு உண்மைக்கு எழுபத்தொன்பது ஆண்டுகள் ஆயின. நாமோ கால் மணி நேரத்தில் முடித்துவிட்டோம்.

அதே 2003-இல் இன்னொரு செய்தியும் வெளிவந்தது. சப்பானியப் பேரரசி கோக்கென் கி.பி. 752-இல் இயற்றிய பாடலொன்று மன்யோஷூ என்னும் பழந்தொகை நூலில் இருக்கிறது. கோடைக்காலத்திலேயே ஒரு செடியின் இலைகள் மஞ்சளித்து நின்றதைக் கண்டு வியந்து பாடியது அது. அச்செடியின் இன்றைய மஞ்சள் நோய்க்கும் இதே குடும்பத்து நச்சுயிரியும் பீட்டாசாட்டிலைட்டும் சேர்ந்தே காரணம் என ஆய்வாளர்கள் அறிவித்தனர். தாவர நச்சுயிரி நோய் பற்றிய மிகப் பழைய எழுத்துப் பதிவு அதுவே என்பர். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காரணம் அறியப்படாமல் இருந்தது. அரசி தாம் கண்டதைப் பாடினார். அதற்காக எவர்மேலும் பழி சுமத்தவில்லை.

நம் புளிச்சக்கீரைக்கு வருவோம். அதன் மஞ்சள் நரம்பு நோயை மேற்கு வங்கத்து ஆய்வாளர்கள் ஆராய்ந்து, அங்கும் ஒரு ஜெமினி நச்சுயிரியும் பீட்டாசாட்டிலைட்டும் சேர்ந்திருப்பதைக் கண்டுள்ளனர். நாருக்காக அச்செடி பயிராகும் நாடு அது. இவ்வளவையும் கேட்டபின் நம் மனம் பதைத்தது. காரணத்தை உடனே அறிய வேண்டும்போல் இருந்தது. மறுநாள் காலை அந்த மாணவியைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றோம். மேற்குச் சுவரோரத்தில், நெடுநாளாக நாம் வெட்டாமல் விட்ட களைகளுக்கிடையே, ஊதாப்பூப் பூக்கும் சீதேவியார் செங்கழுநீர் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. அதன் இலைகளிலும் அதே பொன்வலை!

நாம் அதிர்ந்து நின்றோம். குற்றம் நம் சுவருக்குள்ளேயே இருந்திருக்கிறது. மேல்காற்று நம் களையிலிருந்து வெள்ளை ஈயைக் கீரைக்குக் கொண்டு சென்றிருக்கிறது. பழியை ஒரு பையன்மேல் போட்டோம் என்று உரக்கவே சொன்னோம். தன்னையே குற்றம் சாட்டிக்கொள்வதில் ஒரு வகை ஆறுதல் உண்டு என்பதை ஒப்புரவு அருளடையாளத்தில் பிறரிடம் கண்டிருக்கிறோம். அன்று அதனை நம்மிடமே கண்டோம்.

மாணவி மெல்லத் தடுத்தார். "ஃபாதர், மறுபடியும் கண்ணால பார்த்தே சொல்றீங்களே."

இதே களைச் செடியின் மஞ்சள் நரம்பு நோயை மதுரையில் உஷாவின் குழுவினர் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டிருக்கின்றனர் என்று அவர் விளக்கினார். வளைய இழையைச் சுற்றிச் சுற்றிப் படியெடுக்கும் நொதி ஒன்றைக் கொண்டு அதன் எழுத்துகளை முழுவதும் படித்தபோது, அது தனக்கெனத் தனி இனம் என்று தெரியவந்தது. பார்வைக்கு வெண்டையின் நோயும் இதுவும் ஒன்றே; எழுத்தில் வேறு. மாறாக, இலக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மஞ்சள் நரம்போடு நின்ற தண்டுக்கீரை இனமொன்றில், அஜெரேட்டம் என்னும் களைச்செடியின் பெயர் தாங்கிய நச்சுயிரியே இருந்தது. ஓரிடத்தில் களையின் நோய் கீரைக்கும் வந்திருக்கிறது. இன்னோரிடத்தில் களையின் நோய் களைக்கே உரியது. எது எதுவென்று எழுத்தைப் படித்தால்தான் தெரியும். "களையை வெட்டுங்க, வேண்டாம்னு சொல்லல. நோய்ப்பட்ட செடியைப் பிடுங்கிப் புதைங்க, மஞ்சள் ஒட்டு அட்டை கட்டுங்க, ஈ குறையும். அது முன்னெச்சரிக்கை. ஆனா களைதான் குற்றவாளின்னு சொன்னா அது தீர்ப்பு. தீர்ப்புக்குச் சான்று வேணும், ஃபாதர்."

நாம் மௌனமானோம். மத்தேயு நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் வரும் களைகளின் உவமையைப் பலமுறை மறையுரையில் விளக்கியவர்கள் நாம். பணியாளர்கள் களையைப் பிடுங்கத் துடிக்கின்றனர்; நிலத்துக்குரியவர் பொறுத்திருக்கச் சொல்கிறார். இளம்பயிரில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். அவசரக் கை கோதுமையையும் சேர்த்துப் பறித்துவிடும் என்பதே அவருடைய கவலை. அன்று வரப்பில் நம் கை அப்படித்தான் ஒரு கோதுமைப் பயிரைப் பறித்திருந்தது.

லேவியர் நூலை அன்றிரவு மீண்டும் எடுத்தோம். குரு ஒரு பார்வையில் ஐயம் கொண்டால் உடனே தீட்டு என அறிவிக்கக் கூடாது. ஏழு நாள் தனியே வைத்து, ஏழாம் நாள் மீண்டும் பார்க்க வேண்டும். அப்போதும் தெளிவில்லையேல் இன்னும் ஏழு நாள். கறை பிடித்த வீட்டைப் பார்க்கக் குரு வருமுன் வீட்டுப் பொருள்களை வெளியே எடுத்துவிட வேண்டும் என்றும் ஒரு விதி. அவர் தீட்டு என்று சொல்லிவிட்டால் வீட்டிலுள்ள யாவும் தீட்டாகிவிடுமே என்ற இரக்கம் அது. நுண்ணோக்கியும் மரபணு அறிவும் இல்லாத அக்காலத்தில், தன் கண்ணை முற்றிலும் நம்பாதே என்று குருவுக்குக் கட்டளை இருந்தது. நாம் மறந்த நிபந்தனை இதுவே. ஏழு நாள் காத்திருந்தால் புதிய தளிர் நமக்கு உண்மையைக் காட்டியிருக்கும். ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பருத்தி வயலில் வெள்ளை ஈயை நன்கறிந்தோர் அங்கே இருப்பர். ஒரு இலையைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, காற்றின் திசையைச் சொன்ன பையனின் பேச்சைச் செவிமடுத்திருக்கலாம். அவன் சொன்னதொன்றே அன்று அவ்வரப்பில் பேசப்பட்டவற்றுள் சான்றோடு கூடிய சொல்.

முதலாண்டுக் கீரை உழவில் மண்ணோடு மண்ணாகிவிட்டது. எனவே அதிலிருந்தது இன்ன நச்சுயிரி என்று இனி எந்த ஆய்வுக்கூடமும் சொல்ல முடியாது. ஆயினும் அந்த இளைஞனைக் குற்றவாளி எனச் சொல்ல நம்மிடம் சான்றில்லை என்பதைச் சொல்ல எந்த ஆய்வுக்கூடமும் வேண்டியதில்லை. கைம்பெண்ணிடம் சென்று எல்லாவற்றையும் விளக்கினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு உள்ளே சென்று ஒரு துணியில் முடிந்த பணத்தைக் கொண்டுவந்தார். 3,000 ரூபாய் முழுவதும் இல்லை. செலவானது போக இருந்தது. குறையை நாம் சேர்த்தோம். இருவரும் அவருடைய ஓரகத்தி வீட்டுக்கு நடந்தோம்.

இக்கட்டுரையில் 'நாம்' என்று எழுதுகிறோம். அவ்வீட்டுத் திண்ணையில் 'நான் தவறாகச் சொன்னேன்' என்றே சொன்னோம். அந்தத் தாய் நம்மை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பணத்தை உடனே தொடவில்லை.

"பணம் பெருசில்ல சாமி. அவன் சொன்னத ஒரு ஆளு காதுல வாங்கலையே, அதுதான்" என்றார்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிவில் மக்கள் முன்பும் அதனைச் சொன்னோம். வரப்பில் பலர் கூடியிருக்கத் தீர்ப்புரைத்தவர், திருத்தத்தை மட்டும் திண்ணையில் முடித்துக்கொள்வது நீதியன்று.

மரபணுவைப் படிப்பதால் கீரைக்கு மருந்து கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நச்சுயிரி புகுந்த செடியை நலமாக்கும் மருந்து இல்லை. நோயின் பெயரை அறிந்தால் பரப்பும் பூச்சியைக் கட்டுப்படுத்தலாம், நோய் தாங்கும் விதையைத் தேடலாம், அவ்வளவே. ஆனால் அதற்கு முன்னரே அவ்வறிவு ஒரு நன்மை செய்துவிடுகிறது. பழியைத் தவறான தலையிலிருந்து இறக்கிவைக்கிறது. செய்வினை என்று சொல்லி ஒரு பெண்ணை ஊர் ஒதுக்காமல் காக்கிறது. படித்தவரின் ஊகத்துக்கு ஒரு பையன் இரையாகாமலும் காக்கக்கூடும். மெண்டல் என்னும் அகுஸ்தினார் சபைத் துறவி தம் மடத்துத் தோட்டத்தில் ஆண்டுக்கணக்காகப் பட்டாணிச் செடிகளைப் பொறுமையாக எண்ணியதிலிருந்து தொடங்கிய அறிவியல் இது. அத்தகைய பொறுமையும் செபத்துக்கு அயலானதன்று என்று இப்போது தோன்றுகிறது.

அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்கு முன், பங்கு மக்களோடு நாமும் மண்வெட்டி எடுத்துச் சுவரோரக் களைகளை அகற்றினோம். திருநாள் மாலையில் அந்த இளைஞன் வந்திருந்தான். தன் பெரியப்பாவின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றினான். நாம் தீர்த்தம் தெளித்துக்கொண்டு அவனருகே வந்தபோது தலைகுனிந்து நின்றான், பேசவில்லை. நாமும் அவனைப் பேசும்படி வற்புறுத்தவில்லை. இரவுப் பேருந்துக்கு அவன் புறப்பட்டபோது அவனுடைய பெரியம்மா ஒரு கட்டுக் கீரையைக் கையில் கொடுத்தார். அதனை மறுக்காமல் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

இன்னும் அவன் திருப்பூரில்தான் இருக்கிறான். நம்மிடம் ஒருவர்மேல் ஒருவர் குறை சொல்லி வருவோரை, குற்றம் சாட்டப்பட்டவரின் பேச்சை முழுவதும் கேட்டபின், ஏழு நாள் கழித்து வரும்படி சொல்லியனுப்புகிறோம். சாமிக்கு வயதாகிவிட்டது, முன்போல் சட்டென்று தீர்த்துவைப்பதில்லை என்று சிலர் வருந்துகின்றனர். அவ்வருத்தத்தை நாம் ஏற்றுக்கொள்கிறோம்.